கடித்த வாயோடு செத்த எறும்பு

கடுகில் பாதிகூட இருக்காது அந்த எறும்பு. செம்மண் நிறம். இடுப்பில் இரண்டு முடிச்சு, முதுகு முடியும் இடத்தில் இரண்டு முள். கண் என்று ஒரு புள்ளி, அதுவும் சந்தேகம்தான். இதையெல்லாம் எனக்கு லென்ஸில் காட்டியது, எங்கள் ஏலத்தோட்டத்தை ஒட்டிய சோலைக்காட்டுக்கு எறும்பு ஆராய வந்த மேடம். அவருக்கு ஊர் பாலக்காட்டுப் பக்கம். ஏழாம் வகுப்போடு நின்ற நான் அவருக்குச் சருகு சலிக்கும் சல்லடை தூக்கப் போயிருந்தேன்.

இதுவரை யாரும் பெயர் வைக்காத இனமாக இருக்கலாம் என்றார். ஆனால் போன மழைக்குக் கிடைத்த இரண்டில் ஒன்றுக்குத் தலை இல்லை, மற்றதற்கு உணர்கொம்பு இல்லை. கொம்பில் கணுவும் தாடையில் பல்லும் எண்ணிச் சொல்லாவிட்டால் புது இனம் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். முழுசாக ஒன்றாவது வேண்டும். வனத்துறை கொடுத்த அனுமதியோ அந்த வாரத்தோடு முடிகிறது. கிடைக்காமல் போனால் நான் சரியாகச் சலிக்கவில்லை என்று நினைப்பாரோ?

கடைசியில் ஒரு மக்கிய கட்டையைப் பிளந்தபோது அந்தச் சின்ன எறும்பின் கூடு இருந்தது. உள்ளே வெட்டுக்குத்து. பெரிய கறுப்பு எறும்புகள் படையாக இறங்கியிருந்தன. சின்னதுகளை இடுப்போடு கவ்வி இரண்டாகத் துண்டித்தன, முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின. தலை போன உடம்பு நடந்தது. உடம்பு போன தலை கறுப்பனின் காலைக் கடித்தபடியே இழுபட்டது. முழுசாக ஒன்று மிஞ்சுமா என்ற பதற்றத்தில் கையை உள்ளே விட்டுவிட்டேன். கறுப்பெறும்புகள் முழங்கை வரை ஏறிக் கொட்டின. அலறினேன்.

காட்டோரத்து ஏலச்செடிகளில் காய் எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி ஓடிவந்தாள். ஏலக்காட்டு ஆட்கள் எல்லோர் இடுப்பிலும் ஒரு பாட்டில் தொங்கும். ரத்தம் உறிஞ்சும் அட்டைக்காகப் புகையிலையும் சுண்ணாம்பும் ஊறப்போட்ட தண்ணீர். எது கடித்தாலும் முதலில் அதற்குத்தான் கை போகும். என் கையில் ஊற்றியவள் மிச்சத்தைக் கட்டைக்குள் கவிழ்த்தாள்.

"ஏனுங்க, ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க!" என்று மேடம் கத்தியபோது பாட்டில் காலி.

கறுப்பு, சிவப்பு எல்லாம் துடித்துச் சுருண்டன. அந்தக் காட்டில் நாங்கள் கண்ட ஒரே கூடு.

"மனுசன் கை வீங்கிக் கெடக்கு. இந்தம்மா எறும்புக்குல்ல அழுகுது" என்றாள் மனைவி.

"நானும் கொல்லத்தானுங்க வந்தேன். முழுசாக் கொல்லணும்."

"அப்ப நான் மட்டும் என்னத்தப் பண்ணிப்புட்டேன், உசுரா குடுத்தேன்?"

மேடம் பிணங்களை வெள்ளைத் தட்டில் கொட்டி, தூரிகையால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கொம்பு முறிந்தது, வயிறு வெடித்தது, கால் இல்லாதது. என் கை மத்தளம் போல் வீங்கி விண்விண் என்று தெறித்தது. ஆனாலும் தட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இனி இந்த வேலைக்கு என்னைக் கூப்பிடுவாரா? வனத்துறையில் ஏதாவது சொல்லிவிடுவாரா?

அடியில் ஒன்று கிடந்தது. கொம்பு இரண்டும் இருந்தன, காலும் முள்ளும் இருந்தன. ஆனால் வாய் ஒரு கறுப்பெறும்பின் காலில் பூட்டியிருந்தது. தாடை திறந்தால்தான் பல் தெரியும். இழுத்தால் தலை பிய்ந்துவிடும்.

மேடம் ஸ்பிரிட் சொட்டவிட்டுச் சுண்ணாம்பைக் கழுவினார். லென்ஸுக்கடியில் ஊசி முனையைத் தாடைக்குள் விட்டு நெம்பினார். தாடை விலகியது. அவர் உதடசைத்து எண்ணினார், திரும்ப எண்ணினார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"இது போதுமுங்க."

மனைவியும் லென்ஸில் எட்டிப் பார்த்தாள். "ஆத்தி, இத்தனூண்டு வாய்க்குள்ள இம்புட்டுப் பல்லா!"

கறுப்பனின் கால் துண்டு ஒன்று இன்னும் பல்லிடுக்கில் சிக்கியிருந்தது. அதை எடுக்கப் போய்ப் பல் உடைந்துவிட்டால் என்று நான் பதறினேன்.

"வேண்டாமுங்க, அப்படியே இருக்கட்டும்" என்று மேடம் எறும்பைக் குப்பியில் இறக்கி மூடினார்.