பந்தயத்துக்கு முந்தின சோறு

மலையே இல்லாத ஊரில் மலை சைக்கிள் ஓட்டுகிறவருக்கு வாக்கப்பட்டவள் நான். "எங்கய்யா கீது உன் மலை?" என்று கேட்டால் என் வீட்டுக்காரர் செங்கல்பட்டு இருக்கும் திசையில் கையை நீட்டுவார். அங்கே என்ன இருக்கிறது? நாலு மொட்டைப் பாறைக் குன்று, சுற்றிலும் செம்மண் காடு, ஏரிக்கரை, கருவேல முள். அதில் ஏறி இறங்குவதற்கென்றே தடித்த டயர் போட்ட ஒரு சைக்கிள். வாரம் முழுக்கக் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமையாவது தூங்கலாமே என்றால் கேட்க மாட்டார். விடிவதற்குள் கிளம்பிவிடுவார். உடம்பெல்லாம் புழுதியும் சிராய்ப்புமாகத் திரும்பி வந்து, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "இன்னா நாஸ்தா?" என்பார். அந்தப் பசியைப் பார்க்கத்தான் நானும் அத்தனை வருஷம் அவருக்கு முன்னால் எழுந்தேன்.

அவருடைய கூட்டாளிகள் நாலைந்து பேர். பெரும்பாலும் கல்பாக்கத்தில் வேலை பார்க்கிறவர்கள். நல்லவர்கள், நன்றாகச் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான் அவர்களைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. ஒருவர் மட்டும் சதுரங்கப்பட்டினத்துக்காரர், படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர். என் வீட்டுக்காரரை அண்ணாத்த என்பார், என்னை அண்ணி என்பார். அவர் வாயில் எதுவும் நிற்காது.

முதல் பந்தயத்துக்கு நான் அடித்த கூத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். நான் கருங்குழிக்காரி. எங்கள் வீட்டில் எல்லோரும் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர்கள். கறி என்பது திருவிழாவுக்குத் திருவிழா. அதனால் தெம்பு வேண்டுமென்றால் கறி போடு என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். பந்தயத்துக்குப் போகிற ஆம்பிளை ஆயிற்றே என்று முந்தின ராத்திரி மட்டன் பிரியாணி செய்து, போதும் போதும் என்று சொல்லச் சொல்ல வைத்து அனுப்பினேன். இரண்டாவது ஏற்றத்திலேயே மனுஷன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு புதர் ஓரமாகக் குனிந்து நின்றுவிட்டாராம். படகு இன்ஜின்காரர்தான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். "அண்ணி, நீங்க அண்ணாத்தைக்குப் பிரியாணி போட்டு அனுப்பினீங்களா, வயித்துல நங்கூரத்தக் கட்டி அனுப்பினீங்களா?" என்றார். எனக்கு மானம் போயிற்று. என் வீட்டுக்காரர் மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டு, "பிரியாணி சூப்பரா இருந்துச்சுப்பா, அத்த சொல்லு" என்றார்.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டேன். பந்தயத்துக்கு முந்தின நாள் மதியத்தோடு கறி மீனெல்லாம் நிறுத்தம். ராத்திரிக்கு வெறும் சோறும் உருளைக்கிழங்கும் தயிரும். காரம் கூடாது, பருப்பு கூடாது, கீரை பக்கத்திலேயே வரக் கூடாது. விடிகாலையில் இட்லி. அதற்குச் சட்னி கிடையாது, வெல்லப்பாகுதான். கூட ஒரு டம்ளர் கடுங்காப்பி. சைக்கிளில் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாழைப்பழம், ரெண்டு பேரீச்சம்பழம். சட்டைப் பையில் கடலை மிட்டாய். பாட்டிலில் எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர். வந்ததும் இளநீர். பந்தயத்தன்று மட்டும் புதிதாக எதையும் வாயில் வைக்கவே கூடாது, அமிர்தமாக இருந்தாலும் சரி. முந்தின ராத்திரிச் சோறு எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் என்பது தானாகவே வழக்கமாகிவிட்டது. பந்தயத்தில் ஒருவரும் ஜெயித்ததில்லை. ஆனால் பாதியில் வாந்தி எடுத்தார்கள் என்ற பேச்சு அப்புறம் வரவில்லை. அந்த மட்டில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

ஒரு பந்தயத்தில் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். சும்மா கையெழுத்து வாங்கத்தான் போனார். பிரஷர் பார்த்த டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், ரத்தம் பார்த்தவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். எத்தனையோ வருஷமாகப் பிரஷர் சத்தமில்லாமல் இருந்து ரெண்டு கிட்னியையும் தின்றுவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குன்று ஏறிய மனுஷனுக்கா என்று நான் அந்த டாக்டரிடம் சண்டைக்கே போனேன். என் கிட்னியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்றுவிட்டார்கள். வேறு கிட்னிக்குப் பதிந்துவைத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். அதுவரை வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ்.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித் தருவதற்கென்று ஒரு பெண் இருந்தாள். வாழைப்பழம் கூடாதும்மா என்றாள். இளநீர் தொடவே கூடாது. பேரீச்சம்பழம், உருளைக்கிழங்கு, வெல்லம், கடலை, தயிர், உப்பு. தண்ணீர்கூட அளந்துதான். பொட்டாசியம் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் சமையல் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு சாமானாகக் கையை நீட்டிச் சொல்கிறாளோ என்றிருந்தது எனக்கு. எதையெல்லாம் கொடுத்து அவரைக் குன்று ஏற்றினேனோ அத்தனையும் இனி விஷம். நான் அவரைப் பார்த்தேன். அவர் அந்தப் பெண்ணிடம், "அப்ப இன்னாதாம்மா துன்றது?" என்று மரியாதையாகக் கேட்டார்.

இட்லி தின்றார். உப்பில்லாத இட்லி. முட்டையின் வெள்ளைக்கரு. உருளைக்கிழங்கு ஆசைப்பட்டால் பொடியாக நறுக்கி, தண்ணீரில் ஊற வைத்து, வேக வைத்த தண்ணீரையும் கொட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள், அப்படியும் செய்தேன். ரெண்டு வாய்க்கு மேல் இறங்காது. தட்டை நகர்த்திவிட்டு, "போதும்மே" என்பார். கன்னம் ஒட்டிப்போயிற்று. இப்படியே சாப்பிடாமல் இருந்தால் உடம்பு டயாலிசிஸையே தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கெஞ்சினேன், திட்டினேன், ஊட்டிக்கூடப் பார்த்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு, "பசி ருசி அறியாது, தானா துன்னுவாரு வுடு" என்றார்கள். பசி வந்தால்தானே ருசி அறியாமல் இருக்கும், வாயைப் பாரு!

சில பேருக்கு இந்த நோயில் நாக்கு மரத்துப்போகும் என்று ஒரு நர்ஸ் சொன்னாள். நான் காதில் வாங்கவில்லை. உப்பும் இல்லை, புளியும் இல்லை, இதைத் தின்ன யாருக்குத்தான் பிடிக்கும்? குறை என் சமையலில், சமையலைக் கட்டிப்போட்ட ஆஸ்பத்திரியில் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் கிட்னி கிடைக்கும். அன்றைக்கு இட்லியில் வெல்லப்பாகு ஊற்றி முன்னால் வைப்பேன், மனுஷன் பழையபடி தட்டை வழிப்பார். அந்த ஒரு நினைப்பில்தான் தினமும் அடுப்பைப் பற்றவைத்தேன்.

போன பந்தயத்துக்கு முந்தின நாள் படகு இன்ஜின்காரர் வந்து, இந்தத் தடவை ராத்திரிச் சாப்பாடு மாமல்லபுரத்தில் ஓட்டலில் பார்த்துக்கொள்கிறோம் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளே படுத்திருந்தவர் எழுந்து வந்தார். "இன்னாத்துக்கு ஓட்டல்ல துன்னுட்டு நாளைக்கு வயித்தப் புடிச்சிகினு நிக்கணும்? நம்ம வூட்லதான் சோறு" என்றார். சோற்றைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து எத்தனை மாதம் ஆகியிருந்தது! நான் உடனே உருளைக்கிழங்கு வாங்க ஓடினேன்.

அன்று ராத்திரி எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆரம்பத்தில் அவர் முன்னால் சாப்பிடவே கூச்சப்பட்டார்கள். அவரே விரட்டினார். "டேய், இன்னாத்துக்கு எழவு வூட்டுல குந்திகினு கீற மாதிரி மூஞ்சிய வெச்சிகினு கீறீங்க? நல்லா துன்னுங்கடா. தயிர இப்பவே ஊத்திக்க, காத்தால வாணாம், ஏத்தத்துல பொரட்டும்." அப்புறம் பேச்சு கிளம்பியது. எந்த இடத்தில் மண் சறுக்கும், எந்த இறக்கத்தில் பிரேக்கைத் தொடக் கூடாது, எல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டே அவருடைய தனித் தட்டிலிருந்து எடுத்து எடுத்து வாயில் போட்டார். நான் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. சமையலறைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

காலையில் நானும் வருகிறேன் என்றார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். செங்கல்பட்டைத் தாண்டி ஒரு குன்றடிவாரத்தில் பந்தயம். கூட்டாளிகளுக்கென்று ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழம் பையில் வைத்திருந்தேன். ஆளுக்கொன்று தின்றுவிட்டுக் கிளம்பிப் போனார்கள். நாங்கள் ரெண்டு பேரும் ஒரு புங்க மரத்தடியில் துண்டு விரித்து உட்கார்ந்தோம். தூரத்தில் சைக்கிள்கள் போன வழியெல்லாம் செம்புழுதி எழும்பியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறுகிறதே என்று ஸ்கூட்டரிலிருந்து அவருடைய தொப்பியை எடுக்கப் போனேன்.

திரும்பினால் அவர் கையில் உரித்த பழம். பாதி வாயில்.

"யோவ்! துப்புயா! துப்பு!" நான் போட்ட கூச்சலில் பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் துப்பவில்லை. திருடித் தின்கிறவர்போல அவசரமாக விழுங்கவும் இல்லை. மெதுவாக மென்றார், நிறுத்தினார், மறுபடி மென்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கூச்சல் அடங்கிவிட்டது.

"இன்னாயா?"

"ஒண்ணுமே தெர்லமே" என்றார். "பஞ்ச மெல்ற மாதிரி கீது." மிச்சப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தினி நாளா உப்பு இல்லாததாலதான் ஒண்ணும் எறங்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பொட்டாசியம் மறந்துபோயிற்று, நெஞ்சு நின்றுவிடும் என்றது மறந்துபோயிற்று. அவர் கையிலிருந்த மிச்சத்தைப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன். நல்ல பழம். கனிந்த பழம். தொண்டை வரைக்கும் தித்தித்தது.

"அட ஆமாயா, சப்புனுதான் கீது" என்றேன். "கல்லு வெச்சுப் பழுக்க வெச்சுகிறான் கம்னாட்டி. அந்தக் கடைப் பக்கமே இனி போகக் கூடாது."

"அப்டியா? பழந்தான் சரியில்லியா?"

"பின்ன? நீயும் நானும் ஒண்ணாத்தானே துன்னோம். எனக்கும் ஒண்ணும் தெர்ல."

அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. "நான் பயந்தே பூட்டேன்" என்று சிரித்தார். டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு நல்ல பழமாக ஒரே ஒரு துண்டு தின்று பார்க்க வேண்டும் என்றார். சரி என்றேன். தொப்பியை அவர் தலையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொய் சொன்னதற்காகக் கொஞ்சமும் வருத்தமில்லை, இன்னும் பத்துப் பொய் சொல்லவும் தயாராக இருந்தேன். சாமி, இந்த மனுஷன் இப்படியே இருக்கட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துப் படகு இன்ஜின்காரர் வந்து சேர்ந்தார். முழங்காலில் ரத்தம், புருவம் வரைக்கும் மண். சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுப் பையில் கையை விட்டு ஒரு பழத்தை எடுத்தார். எத்தனையாவது இடம் என்று கேட்டு அவரைப் பேச்சில் இழுக்கப் பார்த்தேன், கண்ணைக் காட்டினேன். பசியில் இருப்பவனுக்குக் கண் எங்கே தெரியும்? ஒரே வாயில் பழத்தை அடக்கிக்கொண்டு, "அண்ணி, எந்தக் கடைல வாங்குனீங்கோ? தேனு கணக்கா கீது!" என்றார். உடனே இன்னொன்றையும் பிய்த்தார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன், எனக்கு அது வரும். அவர் கோபப்படவில்லை. பையைத் தன் பக்கம் இழுத்து, மிச்சமிருந்த பழத்தையெல்லாம் எடுத்து என் மடியில் வைத்தார்.

"அவனுக்கே குடு எல்லாத்தையும்" என்றார். "நல்லா பசியா வந்துகீறான்."