ஒரே பிற்பகலில் பன்னிரண்டு வாரம்

அலமாரிக்குப் பின்னால் நின்று, அன்றைய நான்காவது சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார் கிளாரிதா தும்லாவ் மேம். எங்கள் பள்ளியில் ஆசிரியைகளுக்குக் கிழமைக்கு ஒரு நிறம். ஒரே பிற்பகலில் பன்னிரண்டு வாரத்தைக் காட்ட வேண்டுமென்றால் ஐந்து நிறச் சட்டை வேண்டும், ஆறு கதைப் புத்தகம் வேண்டும், வாயை மூடிக்கொண்டு படம் எடுக்கப் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஒருத்தியும் வேண்டும். அந்த ஒருத்தி நான்தான்.

"கடிகாரத்தக் கழட்டிட்டீங்களா?" என்று உள்ளிருந்து குரல் வருகிறது.

கழற்றியாயிற்று. போன வருஷப் படங்களில் பத்து வாரமும் சுவர்க் கடிகாரம் இரண்டிலிருந்து மூன்று மணிக்கு ஒழுங்காக நடந்துபோனதை யாரோ ஒரு குசும்புக்காரி கண்டுபிடித்து, ஆசிரியர்களின் மெசஞ்சர் குழுவில் சொல்லிச் சிரித்துவிட்டாள். அதுவும் நான்தான். மேம் கோபித்துக்கொள்ளவில்லை, பாடம் கற்றுக்கொண்டார். நான் கரும்பலகையில் தேதியை அழித்து அடுத்த வாரத் தேதியை எழுதுகிறேன்.

விஷயம் இவ்வளவுதான். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை தனிப் பயிற்சி கொடுக்கிறோம் என்று மாவட்ட அலுவலகத்துக்கு நிரூபிக்க வேண்டும். பயிற்சிக்கு ஒரு படம், வருகைத்தாளுக்கு ஒரு படம், அந்தத் தாளில் பிள்ளை பெயர் எழுதுவதற்கு ஒரு படம். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அறிக்கை எழுதி, பூப்போட்ட அட்டைக்குள் கோக்க வேண்டும். இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது? பயிற்சி நேரத்தில்தான் இருக்கிறது.

மேமின் வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள். அவர்களை எடை போட வேண்டும், பூச்சி மாத்திரை கொடுக்க வேண்டும், மெலிந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும். கஞ்சி கிண்ணத்தில் இருக்கும்போது ஒரு படம், வயிற்றுக்குள் போனபின் ஒரு படம். கற்பித்தலை மேம்படுத்துவது எப்படி என்று மூன்று நாள் பயிற்சிக்கு அழைத்தார்கள். மூன்று நாளும் வகுப்பைப் பார்க்க ஆளில்லை. கற்பித்தல் மேம்பட்டது என்று படத்தோடு அறிக்கை கொடுத்தோம்.

"படம் இல்லேன்னா நடக்கவே இல்லைன்னு அர்த்தம், மேம்" என்று கிளாரிதா மேம் என்னையும் 'மேம்' போட்டே சொல்வார். வீட்டிலும் அப்படித்தான். கணவரின் பிறந்தநாளன்று அந்த மனுஷர் பசி தாங்காமல் நூடுல்ஸில் பாதியைத் தின்றுவிட, அண்டாவிலிருந்து அள்ளித் தட்டை மறுபடி மேடாக்கி, "இப்ப மொத வாய் சாப்பிடுங்க" என்றாராம்.

இதை வைத்து அவரை மோசமான ஆசிரியை என்று யாராவது முடிவுகட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். முன்பு ஒரு வருஷம், தேறாத ஒன்பது பேரைத் தினமும் பள்ளி வாசலுக்குக் கூட்டிப்போய், வருகிற ஜீப்னி வண்டிகளின் ஊர்ப்பலகையை வாசிக்கவைத்தார். சரியாக வாசித்தவனுக்கு ஓட்டுநரிடம் சொல்லி ஹாரன் அடிக்கும் உரிமை. ஜூலையில் ஆரம்பித்தது, கிறிஸ்துமஸுக்குள் ஒன்பது பேரும் வாசித்தார்கள். மேற்பார்வையாளர் வந்து ஆதாரம் கேட்டார். பிள்ளைகளைக் காட்டினார் மேம். அது ஆதாரமாகாது என்று அந்த வருஷப் பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. அந்த வேறொருவர் ஒரு பிள்ளைக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை, ஆனால் ஆல்பம் அழகாக இருந்தது. அதன் பிறகுதான் மேம் நிறம் நிறமாகச் சட்டைகளைக் கொண்டுவந்து அலமாரியில் மாட்டினார்.

இந்த வருஷம் எங்கள் பங்காசினான் மாகாணக் கடற்கரையில் மீன் உலர்த்தும் ஒருத்தி, மகள் ஜொவெலினோடு வந்து நின்றாள். நான்காம் வகுப்பில் அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது வருஷம். "இந்த வருஷமும் வாசிக்கலன்னா எங்கூடவே மீன் காயப்போட வந்துரட்டும், மேம். அந்த வேலையாவது அவளுக்கு வரும்" என்றாள். மார்ச்சுக்குள் வாசிக்கவைப்பதாக மேம் வாக்குக் கொடுத்தார். மனதாரத்தான் கொடுத்தார். ஜொவெலினை எல்லாப் படத்திலும் முன்வரிசையில் உட்காரவைத்தார். அடுத்த வாரம் உண்மையாகவே ஆரம்பித்துவிடலாம் என்று என்னிடம் நான்கு தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு அடுத்த வாரமும் மாவட்டத்திலிருந்து ஏதாவது ஒரு படிவம் வந்து நிற்கும்.

மார்ச்சில் மேற்பார்வையாளர் போன்சியானோ வந்தார். விரலை நக்கி நக்கி, அன்று பிற்பகல் எடுத்த படங்களைக் கோத்த கோப்பைப் புரட்டினார். மேமின் பதவி உயர்வுக்கு அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"இப்படி ஒரு கோப்ப நான் பாத்ததே இல்ல, மேம்" என்றவர், ஒரு படத்தில் விரலை வைத்தார். "இந்தப் பாப்பா எல்லாத்துலயும் இருக்காளே. கூப்புடுங்க, ரெண்டு வரி வாசிக்கட்டும்."

மேமின் முகம் வெளுத்தது. ஜொவெலின் மட்டும் பயப்படவில்லை. வந்தாள், புத்தகத்தை வாங்கி மார்பு உயரத்தில் பிடித்தாள், பக்கத்தின் நடுவில் விரலை வைத்தாள், தலையை லேசாகச் சாய்த்துப் புன்னகைத்து, அசையாமல் நின்றாள்.

நாங்கள் காத்திருந்தோம். அவளும் காத்திருந்தாள்.

பிறகு, சிரிப்புக் கலையாமல், உதட்டை அசைக்காமல் கேட்டாள்: "இன்னும் எடுக்கலையா, மேம்?"

போன்சியானோ தொண்டையைச் செருமிக்கொண்டார். "பரவால்ல, பரவால்ல, பாப்பா கூச்சப்படுது. கோப்பு பிரமாதம். எங்க கையெழுத்து போடணும், காட்டுங்க" என்று பேனாவின் மூடியைத் திறந்தார்.

கிளாரிதா மேம் காட்டவில்லை. ஒரு முக்காலியை இழுத்து, அவருக்கு முதுகைக் காட்டி ஜொவெலின் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளையின் விரலைப் பிடித்து, பக்கத்தின் நடுவிலிருந்து மேலே கொண்டுபோய், முதல் எழுத்தின் அடியில் வைத்தார்.