சவுல் ராஜாவின் கோடு

சாந்தசீலி அக்காவுக்குப் பொறாமை வந்தால் முகத்தில் தெரியாது, குரலில் தெரியும். அளவுக்கு மீறி இனிக்கும். புத்தூரில் எங்கள் சபையின் பெண்கள் வேதபாட வகுப்பைப் பல வருடங்களாக நடத்தியவர் அவர். வசனத்தை வாசிப்பார், விளக்குவார், நாங்கள் கேட்போம். பின்வரிசையில் சிலர் கண்ணை மூடிக்கொண்டும் கேட்போம்.

போன வருடம் தில்லை நகருக்குக் குடிவந்த பெனிட்டாவிடம் அந்த வகுப்பைக் கொடுத்தார் போதகர். வாக்குத்தத்தத்துக்கு ஒரு நிறம், கட்டளைக்கு ஒரு நிறம் என்று வேதாகமத்தில் கோடு போடச் சொன்னாள். பவுலின் பயணங்களை வரைபடமாகச் சுவரில் ஒட்டினாள். தூங்கிய நாங்களே ஸ்கெட்ச் பேனாவுக்குச் சண்டை போட்டோம்.

"நல்லாத்தான் இருக்கு. எல்.கே.ஜி. பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்," என்றார் அக்கா, தேனாக.

வகுப்பு கைவிட்டுப் போனதைக்கூட அவர் பொறுத்திருப்பார். கல்லூரியில் படிக்கும் மகள் எப்சி, அம்மா நடத்தியபோது எட்டிக்கூடப் பார்க்காதவள், இப்போது பெனிட்டாவை ஒட்டி உட்கார்ந்து அட்டை வெட்டிக் கொடுத்தாள். வீட்டிலும் பெனிட்டா ஆன்ட்டி புராணம்தான். அக்காவின் வயிற்றெரிச்சல் அதுதான்.

ஒரு வாரம், தாவீதின் மேல் பொறாமைப்பட்ட சவுல் ராஜாவின் மனநிலையைக் கோடாக வரைந்து வரச் சொன்னாள் பெனிட்டா. மனம் நன்றாக இருந்தால் கோடு மேலே, நொந்தால் கீழே. அதுவரை எதையும் வரையாத அக்கா, சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் போய் சார்ட் வாங்கி வரைந்து வந்தார். பெனிட்டாவை மட்டம் தட்டத்தான், சந்தேகமே இல்லை.

ஊர்ப் பெண்கள் தாவீதைப் புகழ்ந்து பாடிய இடத்தில் எங்கள் கோடுகளெல்லாம் தரை தட்டியிருந்தன. அக்காவுடையது அங்கே கொஞ்சம்தான் சரிந்தது. சவுலின் மகன் யோனத்தான் தாவீதுக்காகப் பரிந்து பேசிய இடத்தில் தாளின் விளிம்புவரை விழுந்தது.

"எங்க யாருக்கும் இது தோணலைக்கா. ஏன் இங்க இவ்வளவு கீழ போட்டீங்க?" பெனிட்டா நிஜமான வியப்போடுதான் கேட்டாள்.

"ஊர் பாடினா பாடிட்டுப் போகட்டும். பெத்த பிள்ளை அந்தப் பக்கம் போனா?" அக்காவின் குரலில் இனிப்பே இல்லை.

எப்சி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள், ஆனால் எழவில்லை. பெனிட்டாதான் அவள் தோளைத் தொட்டாள்.

"போம்மா, அம்மா பக்கத்துல உட்காரு."

எப்சி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முகம் கறுத்துவிட்டது. தான் எத்தனை முறை கூப்பிட்டும் வராத பிள்ளை, பெனிட்டா ஒரு வார்த்தை சொன்னதும் எழுந்து வந்திருந்தது.