ஒன்பதாம் மாடியில் எதிர்க்காற்று

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவன் நான். இத்தகைய கதைகள் சொல்லச் சொல்ல வளர்பவை. ஆகவே நானே தொட்டுப் பார்த்ததையும், என் மனைவி நிர்மலா சரிபார்த்து ஒப்புக்கொண்டதையும் மட்டுமே எழுதுகிறேன். நம்புவது உங்கள் விருப்பம்.

டோர்செட் பார்க் என்ற பகுதியில், அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாம் மாடியில் எங்கள் வீடு. பனிக்காலத்துக்கென்று ஒரு ட்ரெய்னர் வாங்கினேன். சைக்கிளின் பின்சக்கரத்தைப் பூட்டி, நின்ற இடத்திலேயே ஓடவைக்கும் இரும்புத் தாங்கி. அதில் ஓடுவது ஒரு தவிப்பு. தெருவில் உடல் தானாகச் சாயும். இதில் சாய முடியாது. கால் ஓய்ந்ததும் சக்கரம் சோர்ந்துவிடும். எல்லாவற்றிலும் கொடுமை, காற்று இல்லாமை. எவ்வளவு விரைந்து மிதித்தாலும் முகத்தில் ஓர் அசைவும் படாது, வியர்வை உலராமல் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும்.

"உந்த உழக்கு உழக்கிறியளே, பக்கத்தில இருக்கிற மல்வேர்னுக்காவது போய்ச் சேந்திட்டியளோ?" என்பாள் நிர்மலா.

"வழியில சரியான ட்ராஃபிக்," என்பேன்.

சென்ற தை மாதம், ஒரு சனிக்கிழமை காலை. நிர்மலா வேலைக்குப் போயிருந்தாள். எங்கள் நான்கு வயது மகள் அபி வரவேற்பறையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். இரைச்சல் அவளுக்குத் தொல்லையென்று படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு ஏறினேன். ஜன்னல் குளிருக்காகப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடப்பட்டிருந்தது. மின்விசிறி இல்லை.

நன்றாக வியர்த்திருந்த வேளையில் முகத்தில் காற்று அடித்தது. முதலில் மகிழ்ந்தேன் என்பதே உண்மை. விரைந்து மிதித்தேன், காற்று வலுத்தது, மெதுவாக்கினேன், தணிந்தது. எனக்கு நேரெதிரே இருந்தது சுவர். மிதிப்பதை நிறுத்தினேன். காற்று நிற்கவில்லை.

இறங்கிச் சுவரைத் தடவினேன். ஜன்னல் தாள் விறைப்பாக, அசையாமல் இருந்தது. வீட்டில் வேறெங்கோ திறந்திருக்கிறதென்று எண்ணி அறைக் கதவைத் திறந்தேன். வரவேற்பறை கதகதப்பாக இருந்தது. தொலைக்காட்சி ஓடியது. சோபாவில் அபி இல்லை.

பல்கனிக் கண்ணாடிக்கு அப்பால் நின்றாள். சப்பாத்தில்லை, காலில் மேஸ் என்கிற காலுறை மட்டும். பனி அள்ள ஒரு கிண்ணத்துடன் போனவள் கதவைத் தானே இழுத்துச் சாத்தியிருக்கிறாள். வெளியிலிருந்து திறக்கும் பலம் அந்த விரல்களுக்கு இல்லை. கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. தூக்கி நெஞ்சோடு அணைத்துப் போர்வையால் சுற்றினேன். அழக்கூட அவளால் முடியவில்லை. அவளைப் பார்த்த மருத்துவர், விரல்களுக்குச் சேதமில்லை என்றார். "கொஞ்சம் பிந்தியிருந்தால்" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

மாலையில் நிர்மலா மாதா படத்தருகே இருந்த மெழுகுதிரியை ஏற்றி, அந்தச் சுவரோரமாகவும் ஜன்னலோரமாகவும் மெல்லக் கொண்டுபோனாள். சுடர் ஆடவில்லை.

"வேர்வை ஆறின குளிர்தானப்பா. வேறயொண்டும் இல்லை," என்றாள்.

கட்டிலில் படுத்திருந்த அபி அப்போதுதான் வாய் திறந்தாள். "அப்பா என்னை விட்டிட்டு பைக்கில போனவர்."

"பிள்ளை எங்க நிண்டு கண்டனீங்கள்?"

"பல்கனியில. ஐ கால்ட் ஹிம், அம்மா. அவர் நிக்கேல்ல. ஹெல்மெட்டும் போடேல்ல."

எந்தப் பக்கம் போனார் என்று கேட்டேன். பல்கனிக் கம்பிக்கு வெளியே, இடமிருந்து வலமாகக் கையை இழுத்துக் காட்டினாள். அங்கே வெறும் வெளிதான். இன்றும், எப்போது கேட்டாலும், அதே திசையில்தான் காட்டுகிறாள்.

காற்று எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியாது. அவள் யாரைக் கூப்பிட்டாள் என்பதும் தெரியாது.