கிணற்றடிக் கிச்சிலி

களக்காட்டில் என் மாமாவுக்கு ஒரு கிச்சிலித் தோட்டம் இருந்தது. இப்போது கமலா என்று கடையில் கேட்டு வாங்குகிறீர்களே, அதேதான். தொட்டாலே தோல் கழன்றுவிடும். மாமாவுக்கு மனிதர்களைவிட மரங்களிடம்தான் பேச்சு அதிகம். மாசி பிறந்ததும் வேரைக் கொத்திவிட்டுத் தண்ணீரை நிறுத்திவிடுவார். இலையெல்லாம் சுருண்டு தொங்கும். எனக்குப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

"காயப் போட்டாத்தான் பூக்கும்ட்டி" என்பார். சொன்னபடியே சித்திரையில் மடை திறந்தால் தோட்டம் முழுக்க வெள்ளைப் பூ. மார்கழியில் பழம்.

கிணற்றடியில் நின்ற ஒரு மரம் மட்டும் இதற்கெல்லாம் மசியவில்லை. அத்தை கலியாணமாகி வந்த வருஷம் தன் கையால் வைத்த கன்று அது. வளர்ந்ததே தவிர ஒரு பூ கிடையாது. அத்தைக்கும் பிள்ளையில்லை. ஊர்வாய் சும்மா இருக்குமா, இரண்டையும் சேர்த்தே பேசிற்று.

ஒரு பங்குனியில் நானும் அம்மாவும் மாட்டுவண்டியில் அங்கே போய் இறங்கினோம். அம்மா மாமாவுக்கு அக்காள். தச்சநல்லூரில் தம்பிக்கு இரண்டாந்தாரமாக ஒரு பெண்ணைப் பார்த்து, ஜாதகத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். எனக்கோ இன்னொரு கலியாணச் சாப்பாடு கிடைக்கப்போகிற சந்தோஷம். வெட்கங்கெட்ட வயிறு. மாமா சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை.

எங்கள் பக்கம் காய்க்காத மரத்தை மிரட்டுகிற வழக்கம் உண்டு. ஒருவர் அரிவாளை ஓங்கவேண்டும். இன்னொருவர் மரத்துக்காகப் பரிந்து பேசி ஜாமீன் நிற்கவேண்டும். மரம் பயந்துபோய்க் காய்த்துவிடுமாம். மறுநாள் காலை மாமா அரிவாளோடு கிணற்றடிக்குப் போனார். பரிந்து பேசுவது என் வேலை என்று ஏற்பாடு. இரவெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காய்க்காத மரம் தோட்டத்துக்கு என்னத்துக்கு? வெட்டிருதேன்" என்று மாமா அரிவாளை ஓங்கினார்.

நான் வாயைத் திறக்குமுன் அத்தை ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள். முள் அவள் கையைக் கிழித்தது.

"வெட்டாதீய. பைய காய்க்கும். அது என்ன செய்யும், பாவம்."

யாரு ஜாமீன் என்று மாமா கேட்கவேண்டும். அதுதான் முறை. அவர் கேட்கவில்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, அத்தையின் கையைத் துண்டால் துடைத்தார். பிறகு திரும்பிப் பார்க்காமலே அம்மாவிடம், "நான் ஜாமீன்க்கா" என்றார்.

அம்மா அன்றைக்கே வண்டி கட்டச் சொல்லிவிட்டாள். என் பேச்சைப் பறித்துக்கொண்டாளே என்று அத்தைமேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கலியாணச் சாப்பாடும் போயிற்று.

மரம் பயந்ததோ என்னமோ, அந்தச் சித்திரையில் பூத்துவிட்டது. அத்தைக்குத்தான் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. மாமா வேறு கலியாணமும் செய்துகொள்ளவில்லை.

மார்கழியில் நாங்கள் போனபோது, அந்த மரத்தின் முதல் பழத்தைப் பறித்து அத்தை அம்மா கையில் வைத்தாள். "நீங்க சாப்பிடுங்க மதினி" என்றாள்.

அம்மா தோலை உரித்தாள். சுளை சுளையாகப் பிரித்தாள். ஒன்றைக்கூட வாயில் போடாமல் அத்தனையும் என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தோல்சாறு தெறித்துவிட்டதென்றும், அம்மாவுக்குப் புளிப்பு ஆகாதென்றும் நினைத்துக்கொண்டு நானே தின்று தீர்த்தேன். பழம் கொஞ்சங்கூடப் புளிக்கவில்லை.