கை கட்டாத வைத்தியம்

ஏடிஎம் மிஷின் முன்னாடி மாசாணம் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. கார்டைச் சொருகியாச்சு. மிஷின் யோசிக்குது. அது யோசிச்சு முடிக்கிற வரைக்கும் நெஞ்சுக்குக் குறுக்கே ரெண்டு கையையும் மடிச்சு, தோளைக் குறுக்கி, தலையை ஒரு பக்கமாச் சாச்சு நிக்கிறாரு. பணம் வந்ததும் எடுத்துக்கிட்டு, "வாரனுங்க"ன்னு சொல்லிட்டு வெளிய வர்றாரு. மிஷின்கிட்டத்தான் சொல்றாரு.

வயசு அறுபதைத் தொட்டாச்சு. அன்னூர்ப் பக்கம் ரோட்டோரமா ஒத்தை ஷட்டர் கடை. 'பாவாத்தாள் மோட்டார் ஒர்க்ஸ்'னு பொண்டாட்டி பேர்ல போர்டு. போர்வெல்லுக்குள்ள எரிஞ்சு போன மோட்டாரைக் கொண்டாந்து போட்டா, கருகுன கம்பிய உருவிட்டுப் புதுக் கம்பி சுத்திக் குடுப்பாரு. கடை அவரோடது. கடையில இருக்கிற ஒரே நாற்காலியும் அவரோடதுதான். அதுல அவரு உக்காந்து நான் பாத்ததில்ல. வர்றவங்க உக்காருவாங்க. இவரு கட்டிக்கிட்டு நிப்பாரு.

இது பரம்பரைக் கட்டு. அப்பன் பண்ணையத்துல இருந்தவரு. நிலத்துக்காரங்களைப் 'பண்ணாடி'ன்னு கூப்புட்டு, தோள்ல கெடக்கிற துண்டை அக்குளுக்கு எறக்கி, கையக் கட்டி நின்ன குடும்பம். மாசாணம் தோட்ட வேலைய விட்டு, தொழில் கத்துக்கிட்டு வந்து பல வருசமாச்சு. கை மட்டும் இன்னும் அங்கயே நின்னுக்கிட்டிருக்குது. நான் சங்கத்துல இருந்தப்ப, 'கட்டிய கையை அவிழ்!'னு நோட்டீஸ் அடிச்சு, ஊர் ஊராக் கூட்டம் போட்டுக் குடுத்தோம். மாசாணமும் ஒண்ணு வாங்குனாரு. அதை அக்குள்ல இடுக்கிக்கிட்டு, கையக் கட்டிக்கிட்டு, கூட்டம் முடியற வரைக்கும் நின்னு கேட்டாரு. "அருமையாப் பேசுனீங்க தோழருங்க"ன்னாரு.

அப்படிப்பட்டவருக்கு வலது கையில சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போச்சு. "ரெண்டும் ஊமையாயிருச்சுங்க"ன்னாரு. செம்புக் கம்பி மேல இருக்கிற பூச்சு எங்கயாவது கீறியிருந்தா, சுத்தும்போதே விரல்ல தட்டுப்படணும். தட்டுப்படலேன்னா மோட்டார் திரும்பவும் எரியும். எரிஞ்சுது. ஆள் வரத்து கொறைஞ்சுது. பெருவிரல் ஓரத்துல சதை வத்திப் பள்ளம் விழுந்துச்சு. "கடைக்கு எம்பேர வெச்சுப்போட்டு இழுத்துச் சாத்திப் போடாதீங்க. ஊருக்குள்ள நாந்தான் மூடுனேன்னு பேசுவாங்க"ன்னு பாவாத்தாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. தொணைக்கு நானும் போனேன்.

"போன்ல ரொம்ப நேரம் பேசுவீங்களாய்யா?"ன்னு டாக்டர் கேட்டாரு.

"எனக்கு ஆருங்க போன் பண்றா?"

"டேபிள்ல முழங்கைய ஊனி உக்காருவீங்களா?"

"உக்காரவே மாட்டனுங்க."

"கம்பி சுத்தற நேரம் போக, முழங்கை வேற எப்பெல்லாம் மடங்கியிருக்குது?"

"தெரியலீங்களே சாமி"ன்னாரு மாசாணம். கையக் கட்டிக்கிட்டுத்தான் சொன்னாரு.

டாக்டர் பேனாவ மூடி வெச்சாரு. "மொதல்ல கையக் கீழ போடுங்க."

"மருவாதியா இருக்காதுங்களே."

முழங்கை எங்கயாவது இடிச்சா சுரீர்னு கரண்ட் அடிக்குமே, அந்த நரம்புதான். எலும்புக்குப் பின்னாடி ஒரு சந்துக்குள்ள போகுது. கை மடங்குனா சந்து இறுகும். இவருக்கு வேலையில மடங்குது, தூக்கத்துல மடங்குது, மீதி நேரம் மருவாதியில மடங்குது. கை நீட்டமாவே இருக்கட்டும்னு, தூங்கும்போது முழங்கையில துண்டைச் சுத்தச் சொன்னாங்க. தோள்லருந்து அக்குளுக்குப் போன துண்டு இப்ப முழங்கைக்கு வந்துச்சு. அதுல கேக்கல. இன்னும் தள்ளிப்போட்டா வத்துன சதை திரும்பாதுன்னு ஆபரேசன் பண்ணிட்டாங்க.

சந்துல கெடந்த நரம்பைப் பிரிச்செடுத்து, எலும்புக்கு முன்பக்கமா மாத்தி வெச்சிருக்காங்க. மாசாணம் வர்றவங்ககிட்டயெல்லாம், "பொறத்தால நின்னதை முன்னால கொண்டாந்து நிறுத்திப்போட்டாங்களாமா. இப்பத்தான் அதுக்குக் காத்தோட்டமுங்க"ன்னு சொல்வாரு. இத்தனை வருசம் சங்கம் நடத்தி ஒரு ஆளை முன் வரிசைக்குக் கொண்டார நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டாக்டர் ஒரு மத்தியானத்துல முடிச்சுட்டாரு.

தையல் ஆறுற வரைக்கும் கைய மடிச்சுக் கட்டுப் போட்டு, நெஞ்சோட சேத்துத் தொங்கவிட்டாங்க. மாசாணம் மொகத்துல அவ்வளவு நிம்மதி. "டாக்டரே கட்டி உட்டுட்டாருங்க." கட்டைப் பிரிச்ச அன்னிக்குத்தான் தொல்லை ஆரம்பிச்சுது.

கைப்பயிற்சி சொல்லிக் குடுக்கிறது உக்கடத்துப் பொண்ணு இஃப்ரா. சிரிக்காமயே ஆளைக் கொல்லும். "மடக்கலாம், நீட்டலாம். மடக்குன கைய அப்படியே வெச்சிருக்கத்தான் கூடாதுங்கய்யா."

"பண்ணாடி வந்தா மட்டும் செத்த நேரம் கட்டிக்கலாங்களா அம்மணி?"

"தாராளமாக் கட்டிக்கங்க. அப்படியே அந்த ரெண்டு வெரலையும் பண்ணாடிக்கே குடுத்துட்டு வந்துருங்க."

பயிற்சியிலயே மாசாணத்தை ரொம்பக் கலங்கடிச்சது கண்ணாடிப் பயிற்சி. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து வளையம் பண்ணணும். கையத் தலைகீழாப் பொரட்டி, அந்த வளையத்தைக் கண்ணு மேல வெக்கணும். முழங்கை வெளிப்பக்கம் தூக்கி நிக்கும். மிச்ச மூணு விரலும் கன்னத்துல படியும். நரம்பு வழுக்கி ஓடிப் பழகறதுக்கு இது.

"பெரியவங்க முன்னாடி கூலிங் கிளாஸ் போட்டாப்புல இருக்குதுங்களே அம்மணி?"

"அதேதான். போட்டுப் பழகுங்க. சுண்டுவெரல் கன்னத்துல படறது தெரியுதா?"

"கன்னத்துக்குத் தெரியுதுங்க. வெரலுக்குத் தெரியலீங்க."

வெரலுக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் கம்பி, கம்பி இருந்தாத்தான் கடை. இது அவருக்கும் தெரியும். ஆனா ஷட்டர்ல ஆள் நிழல் விழுந்தாப் போதும், கை மேல ஏறிடும். பாவாத்தாள் பாத்தாங்க. கடையில கெடந்த பிவிசி பைப்புல ஒரு துண்டு அறுத்து, தோள் வரைக்கும் அவரு கையில மாட்டி உட்டுட்டாங்க. அன்னிக்கு முழுக்க மாசாணம் மோட்டாருக்கு எறக்குற குழாய் மாதிரி நின்னாரு. டீக்கடைக்காரர், "ஏனுங்க, எத்தனை அடியில தண்ணி?"ன்னு எட்டிப் பாத்துக் கேட்டுட்டுப் போனாரு. இஃப்ராவுக்குச் சேதி போய், "முழங்கை இறுகிப் போகும், கழட்டுங்க"ன்னு போன்லயே சத்தம் போட்டுச்சு. கழட்டியாச்சு. ஆனா பைப் கதவோரம் சாஞ்சு நிக்குது. மெரட்டறதுக்கு.

போன வாரம் நான் கடை வாசல்ல டீ குடிச்சுக்கிட்டிருந்தப்ப, தோட்டத்துப் பண்ணாடி பாலுசாமி வந்தாரு. மாசாணம் அப்பன் வேலை செஞ்ச தோட்டம். இவரு அந்த வீட்டுப் பேரன், மாசாணத்துக்கு மகன் வயசு இருக்கும். எரிஞ்ச மோட்டாரை வண்டியிலருந்து எறக்கச் சொல்லிட்டு நேரா நாற்காலியில உக்காந்தாரு.

"என்னப்பா மாசாணம், கை தேவலையா?"

மோட்டார் மேல குனிஞ்சிருந்த மாசாணம் நிமுந்தாரு. ரெண்டு கையும் தானாக் கெளம்பிடுச்சு.

உள்ள இருந்து பாவாத்தாள் கொரல். "ஏனுங்க, பைப்பக் கொண்டாரட்டுங்களா?"

இடது கை எறங்கிடுச்சு. வலது கை நெஞ்சுக்கு முன்னாடி பாதி வழியில நின்னு போச்சு. கட்டவும் முடியல, சும்மா தொங்கப் போடவும் தெரியல. பாலுசாமி அந்தக் கையையே பாத்தாரு.

"என்னப்பா, எம்மேல ஏதாச்சும் கோவமா?"

"அய்யோ, கோவமெல்லாம் இல்லீங்க பண்ணாடி. நரம்புங்க."

"நரம்புக்குக் கோவமா?"

"அது என்ற பேச்சைக் கேக்கறதில்லீங்க. முன்னால வந்துருச்சுங்க."

பேசிக்கிட்டே இருக்கறப்ப அந்தக் கை தனக்குத் தெரிஞ்ச இன்னொரு வேலையச் செஞ்சுது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேந்து வளையம் ஆச்சு. கை பொரண்டு மேல போய்க் கண்ணு மேல உக்காந்துச்சு. நாற்காலியில இருந்த பாலுசாமியை மாசாணம் அந்த ஓட்டை வழியாப் பாத்தாரு. மழிக்காத கன்னத்துல மூணு விரலும் படிஞ்சுது. சுண்டுவிரல் தாடியில லேசா ஒரசுச்சு.

"என்னப்பா அப்படிப் பாக்கறே?"

"குத்துது"ன்னாரு மாசாணம். பின்னாடி 'ங்க' இல்ல. வளையத்தைக் கண்ண விட்டு எடுக்காமயே, சுண்டுவிரலால முள்ளுத் தாடிய இன்னொருக்கா மெதுவாத் தேச்சாரு.