தொப்பி மறைக்குதா?

சனிக்கிழமை மதியக் காட்சி பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை கழுத்துவலி. டல்சிக்குப் பதினேழு வருடமாக இது மாறவில்லை. ஞாயிறு காலையில் மகள் வெர்லி உடும்புக் கொழுப்பை உருக்கி, அம்மாவின் பின்கழுத்தில் சூடு பறக்கத் தேய்த்துவிடுவாள்.

"மெதுவாடி. இந்தக் கழுத்து எனக்கு இன்னும் வேணும்."

"எதுக்கு? வர்ற சனிக்கிழமையும் மூக்கு ஓட்டையப் பாக்கறதுக்கா?"

இருவரும் சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வது?

மிரோலா சிட்னியிலிருந்து ஒரு நாள் ரயில் தூரம். அந்த ஊர் டாக்கீஸில் பாதிரிகளின் மிஷன் குடியிருப்பில் வாழ்ந்த பழங்குடிக் கறுப்பு ஜனங்களுக்குத் திரையை ஒட்டிய முன் மூன்று வரிசை. பக்கவாட்டுக் கதவால் நுழைந்து கான்வாஸ் நாற்காலியில் உட்கார வேண்டும். அவர்களுக்குப் பின்னால் ஒரு கயிறு. கயிற்றுக்கு அந்தப்பக்கம் வெள்ளைக்காரர்களின் மெத்தை இருக்கைகள். டிக்கெட் விலையில் மட்டும் வித்தியாசமில்லை.

அத்தனை கிட்டத்தில் திரையிலுள்ள முகம் மலைபோல் நிற்கும். மோவாய் தெரியும், மூக்கு தெரியும், கண் தெரியாது. அதனால் வீடு திரும்பும் இரண்டு மைலும் டல்சி கேட்டுக்கொண்டே வருவாள். "அப்ப அவ மூஞ்சி எப்பிடி இருந்துச்சு?" வெர்லி நடித்தே காட்டுவாள். இளங்கழுத்து, எப்படியோ வளைத்துப் பார்த்துவிடுவாள்.

அந்த ஜூலைக் குளிர்காலத்தில் மிஷனுக்கு வந்த டாக்டர், டல்சியின் கண்களை விளக்கடித்துப் பார்த்தார். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் தூரத்துப் பார்வை மட்டும் மிச்சம். அதுவும் கிறிஸ்துமஸ்வரை தாங்கினால் பெரிது என்றார்.

மறுவாரமே டாக்கீஸ் வாசலில் ஒரு பழைய படத்தின் சுவரொட்டி ஒட்டினார்கள். ஒரே ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு காட்சி. கப்பலில் போன புருஷனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியின் கதை. சுவரொட்டிமுன் டல்சி நெடுநேரம் நின்றாள்.

"கடைசியில அவ ஜன்னலத் தொறந்து எட்டிப் பாப்பா, கண்ணு. திரை பூரா அவ மூஞ்சிதான். அவ அழுதாளா, சிரிச்சாளா, எனக்குத் தெரியவே இல்ல. முன்ன இந்தப் படம் வந்தப்ப நீ என் வயித்துல இருந்த. யாரு எனக்குச் சொல்லுவா?"

வெர்லிக்கு அப்போது பதினைந்து வயது. ஊர் விடுதியின் சலவைக்கூடத்தில் அம்மாவுக்குப் பக்கத்துத் தொட்டி அவளுடையது. அன்று முழுதும் அவள் துணியைப் பிழிந்த வேகத்தில் ஏதோ தெரிந்தது.

மிஷனில் ஒரு சொல் உண்டு: 'வெக்கம்'. நாணம் அல்ல. நாலு பேர் கண் நம்மேல் விழுந்தால் அது வெக்கம். உரக்கச் சிரித்தால் வெக்கம், முன்னால் போய் நின்றால் வெக்கம். கண் விழுந்த வீட்டுக்குத்தான் சர்க்கார் வெல்ஃபேர்காரன் வண்டி வரும், பிள்ளையைத் தூக்கிப் போகும். டல்சியின் தங்கையை அப்படித்தான் கொண்டுபோனார்கள். திரும்பி வரவேயில்லை. அதனால் வெர்லி தன் எண்ணத்தை அம்மாவிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தது. டல்சி நீல கவுனும் பறவை இறகு செருகிய தொப்பியும் அணிந்து வந்தாள். விளக்கு அணையுமுன் வழக்கம்போல தேசிய கீதமான ராணியின் பாட்டு ஒலித்தது. திரையில் ராணி குதிரைமேல் வந்தார். கொட்டகை மொத்தமும் எழுந்து விறைத்து நின்றது. அந்தப் பாட்டில் தும்மினால்கூடக் குற்றம். மேனேஜர் பிரிச்சர்ட் போருக்குப் போய் வந்தவர்; பாட்டு நடக்கும்போது தொப்பியைத் தொட்ட ஒருவனை வெளியே தள்ளியவர். இப்போது கடைசி வரிசைக்குப் பின்னால், கைகளைக் கால்சட்டையோடு ஒட்டிச் சிலைபோல் நின்றார்.

வெர்லி அம்மாவின் கையைப் பிடித்தாள். கயிற்றைத் தூக்கினாள்.

"என்னடி பண்ற?"

"குனிஞ்சு வாம்மா."

நடைபாதையில் இருவரும் நடந்தார்கள். இருபுறமும் முந்நூறு பேர். ஒருவராலும் அசைய முடியவில்லை. கண்மணிகள் மட்டும் அவர்களோடு நகர்ந்தன. பிரிச்சர்டின் முகம் சிவந்து, பிறகு கத்தரிக்காய் நிறமானது. கை மட்டும் கால்சட்டையை விடவில்லை. பன்னிரண்டாவது வரிசை ஓரத்தில் இரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தபோது இவர்களும் உட்கார்ந்தார்கள்.

பிரிச்சர்ட் டார்ச்சுடன் ஓடி வந்தார்.

"எழுந்திரு. ரெண்டு பேரும்."

"இப்பதான் சார் உக்காந்தோம்," என்றாள் வெர்லி. குரல் நடுங்கவில்லை. அம்மாவின் கையை விடவில்லை.

"நீங்க போகாம படம் ஓடாது. பையனப் போலீசுக்கு அனுப்பியாச்சு."

கொட்டகை சலசலத்தது. "இழுத்து வெளிய போடுய்யா," என்றது ஒரு குரல். "முதல்ல படத்தப் போடுய்யா," என்றது இன்னொன்று.

டல்சி மகளின் விரல்களை நெரித்தாள். "வெக்கம் கண்ணு. போயிடலாம்."

"நீ எழுந்தா நானும் எழறேன்மா. ஆனா அந்த மூஞ்சி?"

டல்சி திரையைப் பார்த்தாள். வெறும் வெள்ளைத் துணி. ஆனால் நான்கு மூலையும் ஒருசேரத் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறை. அவள் எழவில்லை. மெல்லப் பின்னால் திரும்பினாள். கறிக்கடைக்காரர் மனைவி திருமதி லாட்டிமர் உட்கார்ந்திருந்தாள்.

"என் தொப்பி மறைக்குதாங்க?"

அந்தக் கேள்விக்கு அந்த அம்மாளிடம் ஒரே பதில்தான் இருந்தது. சிறுவயதிலிருந்து எத்தனையோ பேரிடம் சொன்ன பதில்.

"கொஞ்சம் மறைக்குது."

"மன்னிச்சிடுங்க." டல்சி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பரவால்ல," என்றாள் திருமதி லாட்டிமர். சொன்னபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உணர்ந்து உதட்டைக் கடித்தாள். பக்கத்தில் ஒருவன் சிரித்தான். பின்வரிசையில் யாரோ படம் போடச் சொல்லிக் காலால் தரையைத் தட்ட, பிள்ளைகள் எல்லோரும் தட்டத் தொடங்கினார்கள். பிரிச்சர்ட் வேறு வழியின்றிப் படம் ஓட்டுபவனுக்குக் கையைக் காட்டினார். விளக்கு அணைந்தது.

முக்கால் படத்தில் கான்ஸ்டபிள் வந்தார். மாட்டுச் சந்தையில் இருந்தாராம். வெர்லி அவர் காதில் சொன்னாள். "கயிறத் தூக்கினது நான் சார். என்னக் கூட்டிட்டுப் போங்க. அம்மாக்கு ஒரு கண்ணுதான் இருக்கு. முடியறவரைக்கும் விட்டுடுங்க."

டல்சியும் எழப்போனாள். வெர்லி அவள் தோளை அழுத்தினாள். "நீ பாரும்மா. பாத்துட்டு வந்து சொல்லு."

போலீஸ் நிலையத்து பெஞ்சு கடினமாக இருந்தது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி டல்சி வந்து நின்றாள்.

"பொண்ணுக்கு என்ன வயசு?" கான்ஸ்டபிள் பேனாவைத் திறந்தார். சிறுமி என்று எழுதினால் அந்தத் தாள் நேராக வெல்ஃபேருக்குப் போகும்.

எந்த அதிகாரியையும் நிமிர்ந்து பார்த்தறியாத டல்சி நிமிர்ந்தாள். "பதினெட்டு."

அவர் வெர்லியின் குட்டைப் பாவாடையையும் பள்ளிக்கூடக் காலுறையையும் பார்த்தார். டல்சியின் வெண்படலம் படர்ந்த கண்ணைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"ஒரு வருஷம் டாக்கீஸ் பக்கம் ரெண்டு பேரும் வரக் கூடாது. போங்க."

அடுத்த சனிக்கிழமையும் கயிறு அங்கேயேதான் இருந்தது. ஆனால் பாட்டு ஒலித்ததும் மிஷன் பெண்கள் நான்கு பேர் அதைத் தூக்கினார்களாம். மூன்றாம் வாரம் ஒன்பது பேர். கடைசியில் பிரிச்சர்ட் கயிற்றை அவிழ்க்க இரண்டு வருடமானது. பிற்காலத்தில் வெர்லி ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நோயாளிகளைத் தூக்கிவிட்டாள், நான்கு பிள்ளைகளைப் பெற்றாள். அந்த நாளைப் பற்றி யார் கேட்டாலும் கயிற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடுவாள். திரும்பி நடந்த இரண்டு மைலைத்தான் சொல்வாள்.

அன்று யூகலிப்டஸ் மரங்களின் நிழல் சாலையில் நீண்டு கிடந்தது. வெர்லி பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"அம்மா, அழுதாளா, சிரிச்சாளா?"

டல்சி நின்றாள். மகளைத் தன்பக்கம் திருப்பினாள். இத்தனை வருடம் மகள் செய்ததுபோல், இல்லாத ஜன்னலின் கதவுகளை இரு கைகளாலும் திறந்தாள்.

"நான் காட்டறேன். கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு. அவ்ளோ கிட்ட நின்னா ஒண்ணும் தெரியாது."